ஃபிர்ஸே சாரும் நாலு டிஸ்க் பெட்டியும்

மும்பையில் யாரும் எதையும் இரண்டாம் தடவை சொல்ல மாட்டார்கள். முதல் தடவை சொல்வதே நாம் செய்த புண்ணியம். அதற்குள் ரயில் கிளம்பிவிடும். அப்படிப்பட்ட ஊரில், ஆட்டோ டிரைவர் முதல் தவில்காரர் வரை கண்ணில் பட்ட அத்தனை பேரையும் இரண்டு தடவை பேசவைத்த ஒரே மனிதர், எனக்குத் தெரிந்தவரை, செம்பூர் ஃபிர்ஸே சார்தான்.

'ஃபிர் ஸே' என்றால் இந்தியில் 'மறுபடியும்' என்று அர்த்தம். காய்கறிக்காரரிடம் "கால் கிலோ வெண்டைக்காய், அரைக் கிலோ தக்காளி" என்பார். அந்த ஆள் தராசை எடுப்பதற்குள் ஒரு விரலை நீட்டி "ஃபிர் ஸே போலோ" என்பார். தான் சொன்னதை அந்த ஆள் திருப்பிச் சொன்னால்தான் பையை விரிப்பார். செம்பூர் ஸ்டேஷன் வாசலில் மூன்று ஆட்டோக்கள் இவரை நட்டாற்றில் விட்டுவிட்டுப் போனதை நானே பார்த்திருக்கிறேன். நான்காவது டிரைவர் சாது. "காட்கோபர் ஸ்டேஷன், கிழக்குப் பக்கம்" என்று ஒழுங்காகத் திருப்பிச் சொன்னார். சாருக்கு வந்த சந்தோஷத்தில், வழிநெடுக ஒவ்வொரு திருப்பத்தையும் அவரைச் சொல்லவைத்தபடியே போனார். இறங்கும்போது அந்த டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டதாகக் கேள்வி.

அவருடைய சொந்தப் பெயர் கரண்ட் பில்லில் மட்டும் இருந்தது. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். அணுசக்தி நகர் குடியிருப்பில் பல வருஷம் இருந்து, அங்கே அணு ஆராய்ச்சி நிலையத்தில் டெக்னீஷியனாக ரிட்டையர் ஆகி, செம்பூரில் இரண்டு அறை வீட்டுக்குக் குடிவந்தவர். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டால் "வால்வு" என்பார். எந்த வால்வு என்று கேட்டால் "மூடற வால்வு" என்பார். ஒரே ஒருமுறை கொஞ்சம் வாயைத் திறந்தார்.

"எங்க இடத்துல ஒருத்தர் படிப்பார். இன்னொருத்தர் அதைத் திருப்பிச் சொல்லிட்டுச் செய்வார். மூணாவது ஆள் பாத்துண்டே இருப்பார். மூணு பேர்ல ஒருத்தர் பாத்ரூம் போயிருந்தாலும் யாரும் எதையும் தொடப்படாது."

ரிட்டையர் ஆனதும் மற்ற இருவரும் இல்லாமல் போய்விட்டார்கள். அந்த இரண்டு வேலையையும் சார் மும்பை ஜனங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார் என்பது என் கணிப்பு.

எனக்கு அவர் அறிமுகமானது அவருடைய மகள் கல்யாணத்தில். நான் அப்போது தாராவியில் செல்லத்துரை அண்ணாச்சியின் வீடியோ ஸ்டூடியோவில் எடிட்டராக இருந்தேன். வயது நாற்பது, தொப்பைக்கு அதைவிடக் கூட. அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, தாராவித் தமிழர்களின் கல்யாணம், சடங்கு, சர்ச் ஆராதனை, கோயில் கொடை எல்லாவற்றையும் கேமராவில் அடைத்துக்கொண்டிருந்தவர். மாட்டுங்கா மண்டபத்தில் நாங்கள் லைட்டைத் தூக்கிக்கொண்டு நுழைந்தபோது, சார் தவில்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"நான் வலது கையைத் தூக்கினா கெட்டிமேளம். இடது கைன்னா இல்லை. எங்க, சொல்லுங்கோ?"

"சாமி, நான் முப்பது வருஷமா வாசிக்கிறேன்."

"அதனாலதான் கேக்கறேன். ஃபிர் ஸே."

தவில்காரர் வேறு வழியில்லாமல் சொன்னார். பிறகு சார் எங்கள் பக்கம் திரும்பி மூன்று பக்கக் காகிதத்தை நீட்டினார். யார் யாரை, எங்கே, எவ்வளவு நேரம் எடுக்க வேண்டும் என்று வரிசையாக எழுதியிருந்தது. பதினான்காவது வரி: 'பெண்ணின் அத்தையை மூன்று நிமிடத்துக்கு மேல் எடுக்க வேண்டாம்.' முழுவதையும் அண்ணாச்சி உரக்கப் படித்துக் காட்டினார். எனக்கு எரிச்சல் மண்டியது. அண்ணாச்சியோ மயங்கிவிட்டார்.

"இத்தன வருசத்துல தனக்கு என்ன வேணும்னு வெளங்கச் சொன்ன ஒரே ஆளு இவருதாம்வே" என்றார். அன்றிலிருந்து ஸ்டூடியோவில் எந்த மெஷின் முனகினாலும் செம்பூருக்குப் போன் போகும்.

அண்ணாச்சிக்கு ஒரு பெரிய கவலை இருந்தது. முதலில் எடுத்த கல்யாணங்கள் டேப்பில் இருந்தன. மும்பை மழையில் டேப்புக்குப் பூஞ்சை பிடித்தது. அவற்றை ஹார்ட் டிஸ்குக்கு மாற்றி முடித்த கையோடு, டேப் ஓட்டும் மெஷினும் கண்ணை மூடிவிட்டது. டேப்புகளைக் கழித்துக் கட்டினோம். ஹார்ட் டிஸ்குகளை பிளாஸ்டிக் பையில் சுற்றி, மேலே மாப்பிள்ளை பெயரை எழுதி பீரோவில் அடுக்கினோம். ஒருநாள் அதில் ஒன்று செத்தது. அதில் மூன்று கல்யாணம் இருந்தது. ஒரு பெண்ணின் அப்பா கடைக்கு வந்து, திட்டவும் செய்யாமல், ஸ்டூலில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். அண்ணாச்சி அன்று சாப்பிடவில்லை.

வீடியோவில் மணமக்கள் மட்டுமா இருக்கிறார்கள்? பின்னால் சந்து இருக்கிறது, இடித்துவிட்ட வீட்டின் வாசல் இருக்கிறது, இன்று இல்லாத பல பேர் பந்தியில் உட்கார்ந்து இலையை வழிக்கிறார்கள். இதெல்லாம் வேறு எங்கும் கிடையாது. அண்ணாச்சியின் பீரோவில்தான் இருந்தது.

சார்தான் வழி சொன்னார். நாலு டிஸ்கும் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்கிற, 'ரெய்டு' என்கிற பெட்டி ஒன்று வாங்கி, கம்ப்யூட்டருக்கு வெளியே வைத்து, எல்லாவற்றையும் அதில் போட்டுவிடலாம்.

"நாலு டிஸ்க்கு எதுக்கு சார்?" என்றார் அண்ணாச்சி.

"நாலு பேர் சேந்து ஒரு கதையை மனப்பாடம் பண்ணிண்டிருக்கான்னு வெச்சுக்கோங்கோ. ஒருத்தன் செத்துப்போனா, பாக்கி மூணு பேரும் கூடி அவன் பங்கையும் சொல்லிடுவா."

"ரெண்டு பேரு செத்தா?"

"கதை போச்சு."

"சொல்லுதத நல்லதாச் சொல்லக் கூடாதா சார்?" என்று அண்ணாச்சி நெஞ்சைத் தடவிக்கொண்டார். ஆனால் பெட்டியை வாங்கிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சார் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். அதில் நாற்பத்து மூன்று படிகள். முதல் படி: ஃபேனை நிறுத்து. காகிதம் பறக்குமாம். இரண்டாவது படி: மோதிரத்தைக் கழற்று. அண்ணாச்சியின் மோதிரம் வருஷக்கணக்கில் கழன்றதே இல்லை. சோப்புப் போட்டு இழுத்ததில் இருபது நிமிடம் போனது. அதற்குப் பிறகுதான் பெட்டியின் அட்டையையே பிரிக்க விட்டார். அவர் படிக்க, நான் திருப்பிச் சொல்லிவிட்டுச் செய்ய, அண்ணாச்சி பார்த்துக்கொண்டே இருக்க, வியர்வை ஓடியது.

பெட்டியின் பின்பக்கம் ஒரு சின்னத் திருகு இருந்தது. டிஸ்குகள் எந்த முறையில் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பதை அதில்தான் வைக்க வேண்டும். சார் அதை ஐந்தில் வைத்தார். வைத்ததும் அதன் மேல் டேப்பை ஒட்டி, டேப்பின் மேல் 'தொட்டால் எல்லாம் அழியும்' என்று எழுதினார். பிறகு டிஸ்குகளின் வரிசை.

"விலை உசந்த பெட்டின்னா எப்படிப் போட்டாலும் புரிஞ்சுக்கும். இது அப்படி இல்லை. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அந்த வரிசை மாறப்படாது" என்றார். ஒவ்வொரு டிஸ்கின் லேபிளிலும் நீளமாக ஒரு நம்பர் இருக்கும். நான் படிக்க வேண்டும், அவர் எழுதித் திருப்பிச் சொல்வார், நான் மறுபடி லேபிளைப் பார்த்து "சரி" என்க வேண்டும்.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். அண்ணாச்சி வீட்டிலிருந்து மீன்குழம்பும் சோறும் வந்து ஆறிக்கொண்டிருந்தது. முதல் இரண்டையும் ஒழுங்காகச் செய்தேன். மூன்றையும் நாலையும், நம்பர்களை ஒரு துண்டுச் சீட்டில் கிறுக்கிக்கொண்டு, முன்னாலேயே, பெட்டிக்குள் டிஸ்கைத் தாங்கும் டிரேயில் வைத்துத் திருகிவிட்டேன். டிரேயில் மாட்டினால் லேபிள் அடிப்பக்கம் போய்விடும். கவிழ்த்துப் பார்க்கச் சோம்பல். சீட்டில் எது மூன்று, எது நாலு என்று எழுதியிருக்கவில்லை. ஒரு குத்துமதிப்பாகப் படித்தேன். சார் திருப்பிச் சொன்னார். நான் டிரேயைப் பார்க்கிற மாதிரி தலையைக் குனிந்து "சரி" என்றேன். அவர் என்னை நம்பி எழுதிக்கொண்டார்.

மறுநாள் மதியம் பெட்டி தயாரானது. நாலு பச்சை விளக்குகள். அண்ணாச்சி சாமி கும்பிடப் போனபோது, சார் முப்பத்தேழாவது படியைப் படித்தார்: "ஓடும்போதே ஒரு டிஸ்கை உருவு."

"என்ன செய்யுதீய சார்! புதுச் சாமான்!" என்று அண்ணாச்சி பாய்ந்தார். அதற்குள் உருவியாகிவிட்டது. பெட்டி போட்ட கூச்சலில் எதிர் வீட்டு இட்லிக்கடை அக்கா தண்ணீர் வாளியோடு ஓடிவந்தார்.

"உள்ள ஒண்ணும் இல்லாதப்பவே கெட்டுப் பாக்கணும்" என்றார் சார் அமைதியாக. "செத்தா எப்படிக் கத்தும், எப்படிப் பொழைக்கும்னு நமக்குத் தெரியணுமோல்லியோ?" டிஸ்கை அதே இடத்தில் திரும்பச் செருகினார். பெட்டி கூச்சலை நிறுத்திவிட்டு, மெதுவாகத் தன்னைத் தானே சரிசெய்துகொண்டது. அந்த மனிதரைப் பற்றி எனக்கு முதல்முதலாகச் சின்ன மரியாதை வந்தது அப்போதுதான்.

கடைசிப் படி: இதில் இருப்பதற்கு இன்னொரு காப்பி, வேறு இடத்தில். "பொங்கல் கழியட்டும் சார்" என்றார் அண்ணாச்சி. பொங்கல் கழிந்தது. எல்லாக் கல்யாணமும் அந்தப் பெட்டிக்குள் போனது. பழைய ஹார்ட் டிஸ்குகளை அழித்துப் புது வேலைகளுக்கு எடுத்துக்கொண்டோம்; இன்னொரு காப்பி எடுக்கவில்லை. பிறகு ஆயுத பூஜை வந்தது.

எங்கள் ஸ்டூடியோ ஆயுத பூஜையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ட்ரைபாட் மூன்று காலிலும் குங்குமம். டிரோனுக்கு மாலை. அண்ணாச்சியின் கட்டளை ஒன்றுதான்: "எல்லாத்தையும் பிரிச்சு உள்ளுக்க வரைக்கும் தொடச்சுப் பொட்டு வையும்வே. மேலாப்புல வச்சா சாமி ஏத்துக்காது." நான் பெட்டியை முறையாக அணைத்தேன், அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. நாலு டிஸ்கையும் வெளியே எடுத்தேன். ஈரத் துணியால் துடைத்தேன். டிரேக்களின் மேல் சார் ஒட்டியிருந்த நம்பர் டேப் அழுக்காக இருந்ததால் உரித்துப் போட்டேன். நாலுக்கும் சந்தனம் குங்குமம் இட்டு, வாழை இலையில் பொரி கடலைக்குப் பக்கத்தில் வைத்தேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தன. பூஜை முடிந்தால் மறுநாள் விஜயதசமி வரை எதையும் எடுக்கக் கூடாது என்பதால் அப்படியே விட்டுவிட்டுப் போனோம்.

விஜயதசமி காலை, நல்ல நேரம் பார்த்து, டிஸ்குகளைக் கைக்கு வந்த வரிசையில் செருகிப் பெட்டியைப் போட்டேன். நாலும் சிவப்பு. கம்ப்யூட்டர் திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது. புதிதாக அமைக்கட்டுமா? பழையது எல்லாம் அழிந்துவிடும். ஆமாம், இல்லை.

"ஏதோ கேக்குதுல்லா, ஆமான்னு கொடும்வே. நல்ல நாளும் அதுவுமா" என்றார் அண்ணாச்சி. அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. மவுஸிலிருந்து கையை எடுத்தேன். வெளியே வந்து சாருக்குப் போன் செய்தேன்.

"எதையும் தொடாதே. சொல்லு பார்ப்போம்" என்றார்.

"எதையும் தொட மாட்டேன் சார்."

"அண்ணாச்சியையும் தொட விடாதே. ஃபிர் ஸே."

வாழ்க்கையில் முதல்முறையாக மனசாரத் திருப்பிச் சொன்னேன்.

சாமந்தி மாலை போட்ட டாக்ஸியில் வந்து இறங்கினார். நெற்றியில் விபூதி, கையில் நோட்டு. டிஸ்குகளைப் பார்த்தார். சந்தனத்தைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். சின்ன பிரஷ் கேட்டு, ஒவ்வொரு டிஸ்கின் செருகுவாயிலிருந்தும் காய்ந்த சந்தனத்தைத் தட்டினார். லேபிள் நம்பர்களை நோட்டோடு ஒப்பிட்டு, நோட்டில் இருந்த வரிசையில் செருகினார். போட்டார்.

மறுபடி நாலும் சிவப்பு.

அவர் முகத்தில் அப்படியொரு குழப்பத்தை நான் பார்த்ததில்லை. நோட்டை இன்னொரு தடவை படித்தார். பக்கத்தைத் தடவினார். அந்த நோட்டு பொய் சொல்லும் என்பது அவர் கணக்கிலேயே இல்லை. அண்ணாச்சி "என்ன சார், போச்சா? அவ்வளவு கல்யாணமும் போச்சா?" என்று கேட்ட குரல் சரியாக இல்லை. சொல்ல வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். சொன்னால் வேலை போகும். அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாது.

சார் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அண்ணாச்சி பக்கம் திரும்பினார்.

"எனக்குத் தொண்டை வறண்டு போச்சு. ஒரு லிம்பு பானி. சர்க்கரை வேண்டாம், உப்புப் போட்டு, ஐஸ் இல்லாம. நீங்களே போய் வாங்கிண்டு வரணும். திருப்பிச் சொல்லுங்கோ?"

"லிம்பு பானி. சக்கர இல்ல, உப்பு, ஐஸ் இல்ல" என்று பாவம், அந்த நிலைமையிலும் ஒப்பித்துவிட்டு அண்ணாச்சி எலுமிச்சை ஜூஸ் வாங்க வெளியே போனார்.

கதவு சாத்தியதும் சார் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைக்க ஆரம்பித்தார். என்னைப் பார்க்கவில்லை. "எந்த நம்பர்ல லேபிளைப் பாக்கலை?" என்றார்.

"மூணும் நாலும் சார்."

"மூணும் நாலும்" என்று அவர் திருப்பிச் சொன்னார். பிறகு நான் எதிர்பார்க்காததைச் சொன்னார். "ரொம்ப நல்லதாப் போச்சு. நீ சொல்லாம இருந்தா இருபத்துநாலு மாதிரி போட்டுப் பாக்கணும். ஒவ்வொரு தடவையும் அது அழிக்கட்டுமான்னு கேக்கும். ஒரு தடவை கை தவறினாப் போறும். இப்ப ஒரே ஒரு வழிதான் பாக்கி."

இரண்டு டிரேக்களையும் மாற்றிச் செருகினார். போட்டார். முதல் விளக்கு பச்சை. இரண்டாவது பச்சை. மூன்றாவதுக்குக் கொஞ்சம் யோசித்தது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்த அத்தனை சாமியையும் கூப்பிட்டேன், அண்ணாச்சியின் சர்ச் கஸ்டமர்கள் கும்பிடுகிறவரையும் சேர்த்து. நாலும் பச்சை.

அண்ணாச்சி கிளாஸோடு வந்தபோது, திரையில் யாரோ ஒரு பெண் தலை குனிந்து தாலிக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். "எம்மா! இது நம்ம அந்தோணி மவ கல்யாணம்லா" என்றார். கிளாஸை என் கையில் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நாங்கள் இருவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

சார் நோட்டைப் பிரித்து எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தார், அது அவர் வழக்கம். "காரணம்: செயல்முறையில் ஆயுத பூஜை சேர்க்கப்படவில்லை. பொறுப்பு: செயல்முறையை எழுதியவர்."

"உங்க மேலயே போட்டுக்கிட்டீயளே சார்!" என்றார் அண்ணாச்சி துண்டுக்குள்ளிருந்து.

"நான்தானே எழுதினேன்? தாராவியில வெக்கற பெட்டிக்கு எழுதறேன். ஆயுத பூஜைன்னு ஒண்ணு வரும், நீங்க பிரிச்சுத் துடைப்பேள்னு எனக்குத் தெரிய வேண்டாமா? மனுஷா என்ன பண்ணுவான்னு யோசிக்காம நாப்பத்து மூணு படி எழுதி என்ன பிரயோஜனம்?"

அங்கேயே நாற்பத்து நான்காவது படியை எழுதினார்: 'பூஜையன்று பெட்டியின் மேல்மூடிக்கு மட்டும் சந்தனம் குங்குமம். டிஸ்குகளுக்கு அதுவே சேரும்.' அந்த வாரமே அண்ணாச்சி இன்னொரு பெட்டி வாங்கினார். அதில் எல்லாவற்றையும் காப்பி எடுத்து கல்யாண் என்கிற ஊரில் இருக்கும் மச்சினர் வீட்டில் வைத்தார். அங்கேயும் பூஜையன்று மூடிக்கு மட்டும்தான் பொட்டு.

அன்று சாரை பஸ் ஏற்றிவிட சயான் வரை கூடப் போனேன். வழியெல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தது. பஸ் ஸ்டாப்பில் கேட்டேவிட்டேன். "சார், ஏன் என் பேரை எழுதலை?"

"எங்க இடத்துலயும் பேர் எழுத மாட்டோம்" என்றார். "எழுதினா அடுத்த தடவை எவனும் சொல்ல மாட்டான். ரொம்ப பயமான எடம்ப்பா அது. அங்க தப்புப் பண்றவனால ஆபத்து இல்லை. சொல்லாதவனாலதான்."

பஸ் வந்தது. செம்பூர் போகுமா என்று கண்டக்டரிடம் கேட்டார். போகும் என்றார் அவர். "ஃபிர் ஸே" என்றார் சார். கண்டக்டர் மணியை அடித்துவிட்டார். நான்தான் அவரைப் பின்னாலிருந்து தள்ளி ஏற்றினேன்.

இப்போது அவர் தாணேயில் மகள் வீட்டில் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம், அதனால் எல்லாவற்றையும் நாமே இரண்டு தடவை சொல்கிறோம், அவருக்கு ஒரே திருப்தி. அன்று நடந்தது என்ன என்று அண்ணாச்சிக்கு இந்தப் பத்திரிகையைப் படித்தால்தான் தெரியும். திட்டுவார், வாங்கிக்கொள்கிறேன். எழுதலாமா என்று சாரிடம் கேட்டபோது, "உன் பேரை நீ எழுதிக்கலாம். அதுக்குத் தடை இல்லை" என்றார்.

அந்த விஜயதசமிக்குப் பிறகு நான் எத்தனையோ தப்புச் செய்திருக்கிறேன். சிலது சின்னது, சிலது வெளியே சொல்ல முடியாதது. ஒவ்வொன்றையும் நான் முதலில் சொல்வது தாணேக்குப் போன் போட்டு அவரிடம்தான்; என் மனைவிக்கே அப்புறம்தான் தெரியும்.